உங்கள் சின்ன கிளப்பில் கவுண்டி கோப்பை ஆட்டமா? டிரா (யாரோடு யார் ஆடுவது என்ற சீட்டுக் குலுக்கல்) வந்த நாளிலிருந்து விளக்கணைக்கும் வரை முழு வழிகாட்டி

லண்டனுக்கு மேற்கே, பழைய மிடில்செக்ஸ் பக்கம், பெரிய லீக்குகளுக்குக் கீழே உள்ள நான்-லீக்கின் ஆறாம் படியில் ஆடும் ஒரு கால்பந்து கிளப்பில் பல வருடமாகத் தன்னார்வலராக இருக்கிறேன். கோடு போட்டிருக்கிறேன், கேட்டில் நின்றிருக்கிறேன், ரெஃப்ரிக்கு டீ கொண்டுபோயிருக்கிறேன், மழையில் வலை கட்டியிருக்கிறேன். இங்கே குடியேறிய நம்மவர்கள் பிள்ளையை இந்த மாதிரி ஒரு கிளப்பில் சேர்த்துவிட்டு, சனிக்கிழமை காலையில் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்து, ஒரு நாள் கமிட்டிக்குள்ளேயே வந்துவிடுவது உண்டு. அப்படி வந்த ஒரு நண்பர் போன் செய்து, "கவுண்டி கோப்பையில எங்களுக்கு ஹோம் ஆட்டம் விழுந்திருக்கு, என்னவெல்லாம் பண்ணணும்?" என்று கேட்டார். அவருக்கு ஒரு மணி நேரம் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அவரிடம் முதலில் சொன்னது, இதை இன்னொரு லீக் ஆட்டம் என்று நினைக்காதீர்கள் என்பதுதான். லீக்கில் எதிரணிக்கு உங்கள் மைதானம் தெரியும், விதிகள் உங்கள் கைக்குப் பழகியவை, நேரமும் வழக்கமானது. கோப்பை ராத்திரியில் வருகிறவர்கள் உங்கள் மைதானத்தை முதல்முறை பார்ப்பவர்கள், விதிப் புத்தகம் வேறு, பணப் பங்கீடு வேறு, ஆட்டம் பெனால்டியில் போய் முடியலாம். கோப்பை ஆட்டங்களில் நான் பார்த்த கோளாறுகளில் முக்கால்வாசி "வழக்கம்போலத்தானே" என்ற நினைப்பிலிருந்து வந்தவை.

கவுண்டி கோப்பை என்றால் என்ன

தெரிந்தவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். பிரீமியர் லீக்கும் அதற்குக் கீழே இருக்கும் மூன்று டிவிஷன்களும் சேர்ந்து 92 கிளப்கள். அதற்குக் கீழே உள்ள எல்லாமே பேச்சுவழக்கில் நான்-லீக். நேஷனல் லீக்கின் மேல் டிவிஷன் முதல் படி, அங்கிருந்து எண்ணிக்கொண்டே இறங்கினால் நாங்கள் இருக்கும் ஆறாம் படி, மொத்தத்தில் பத்தாவது அடுக்கு. எங்களுக்கு நூறு பேர் வந்தால் அது நல்ல கூட்டம்.

லீக் அடுக்கு இப்படி இருக்க, கவுண்டி சங்கம் என்பது தனி. இங்கிலாந்து கால்பந்துச் சங்கமான எஃப்ஏ 1863இல் தொடங்கியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கவுண்டியிலும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒரு சங்கம் முளைத்து, ஒவ்வொன்றும் ஒரு கோப்பையை நடத்த ஆரம்பித்தது. பர்மிங்காம் சீனியர் கோப்பை 1876-77லிருந்து நடக்கிறது. மிடில்செக்ஸ் சங்கம் 1883இல் வந்தது. மிடில்செக்ஸ் என்ற நிர்வாகக் கவுண்டியையே 1965இல் கலைத்துவிட்டார்கள், ஆனால் கால்பந்தில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது, கோப்பையும் இருக்கிறது. எனக்கு இதில் பிடித்த விஷயம், அடுக்கு பார்க்காமல் ஒரே கவுண்டிக்காரர்களை ஒரே பானையில் போட்டு எடுப்பதுதான். ஆறாம் படி கிளப்புக்கு மூன்று நான்கு படி மேலே ஆடும் அணி வந்து நிற்கும். சசெக்ஸில் பிரைட்டன் கிளப்பின் இளையோர் அணிகூட சீனியர் கோப்பையில் ஆடுகிறது. உங்கள் கோல்கீப்பர் பகலில் தபால் போடுகிறவராக இருப்பார், எதிரே கோல் போட வருகிறவன் முழுநேர ஆட்டக்காரனாக இருப்பான்.

டிரா வந்த அன்றே செய்ய வேண்டியவை

விதிப் புத்தகத்தை இறக்கி வைத்து உட்கார்ந்து படியுங்கள். கவுண்டிக்குக் கவுண்டி விதி மாறும், ஒரே கவுண்டிக்குள்கூட வருடத்துக்கு வருடம் மாறும், அதனால் போன சீசன் ஞாபகத்தை நம்ப வேண்டாம். நான் பென்சிலால் கோடிட்டு வைப்பவை இவை: எந்தத் தேதிக்குள் ஆட வேண்டும், 90 நிமிடத்தில் சமன் என்றால் நேராகப் பெனால்டியா கூடுதல் நேரமா, எத்தனை மாற்று ஆட்டக்காரர்கள், அணிப் பட்டியலை எத்தனை மணிக்குக் கொடுக்க வேண்டும், ஜெர்சி நிறம் மோதினால் மாற்றுவது யார், கேட் வசூலை எப்படிப் பிரிப்பது, முடிவை யாருக்கு எவ்வளவு நேரத்தில் அனுப்புவது.

இதில் உயிர்நாடி ஆட்டக்காரர் தகுதி. கோப்பைக்கென்று தனிப் பதிவுக் கெடு இருக்கும். அதே கோப்பையில் இந்த சீசன் வேறு கிளப்புக்கு ஏற்கெனவே ஆடியவன் உங்களுக்கு ஆட முடியாது. போன வாரம் சேர்த்த ஸ்ட்ரைக்கரை ஆசையாக இறக்கி, 3-0 என்று ஜெயித்து, இரண்டு நாள் கழித்து ஒரு மின்னஞ்சலில் கோப்பையை விட்டே வெளியேறிய கிளப்களை எனக்குத் தெரியும். பயிற்சியாளருக்கு ஜெயிக்கும் அவசரம், அவர் இதைப் பார்க்க மாட்டார். நீங்கள்தான் ஒவ்வொரு பெயரையும் பதிவோடும் தடைப் பட்டியலோடும் ஒப்பிட்டு, "இந்த இரண்டு பேரைத் தொடாதீர்கள்" என்று எழுத்தில் கொடுக்க வேண்டும்.

தற்காலிக வெளியேற்றம் பற்றியும் கேட்டு வையுங்கள். ரெஃப்ரியிடம் வாயாடினால் பத்து நிமிடம் வெளியே உட்கார வைக்கும் சின் பின் முறை 2019-20லிருந்து அடிமட்டக் கால்பந்தில் இருக்கிறது. மேலே ஆடும் அணிக்கு அது பழக்கமில்லாமல் இருக்கலாம். இரண்டு படிகளைச் சேர்ந்த அணிகள் மோதும்போது எது செல்லும் என்பதைக் கவுண்டி அலுவலகத்திடமே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் எதிரணிச் செயலாளருக்குப் போன் செய்யுங்கள். மின்னஞ்சல் அல்ல, போன். மின்னஞ்சல் பிறகு போகட்டும். குரல் கேட்ட பிறகு அவர் உங்களுக்கு மனிதர் ஆகிவிடுகிறார், மழை வந்து ஆட்டம் தள்ளிப்போகும் நாளில் அந்தப் பழக்கம் கை கொடுக்கும். தேதி, நேரம், நிறம், பஸ்ஸில் வருகிறார்களா கார்களிலா, எத்தனை கமிட்டிக்காரர்கள் வருவார்கள், ரசிகர்கள் எத்தனை பேர் வரக்கூடும், அவர்களில் சக்கர நாற்காலியில் வருபவர் உண்டா, இத்தனையும் அந்த ஒரு போனிலேயே கேட்டுவிடலாம்.

நிறம் விஷயத்தில் ஒரு சொல். "நீலம்" என்பதோடு நிறுத்தாதீர்கள், என்ன நீலம் என்று கேளுங்கள். ஒருமுறை எதிரணி நீலம் என்று சொன்னது விளக்கொளியில் கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரிய, ரெஃப்ரியின் சட்டையோடு மோதி, கிக் ஆஃபுக்கு இருபது நிமிடம் முன்னால் எங்கள் பழைய ஜெர்சி மூட்டையை அவிழ்த்து அவர்களுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் சட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். இரண்டு கோல்கீப்பர்களின் நிறத்தையும் சேர்த்துத்தான்.

வருகிறவர் பெரிய கிளப் என்றால்: மது விஷயம்

நான்-லீக்கில் பியர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டம் பார்க்கலாம், பலர் அதற்காகவே வருகிறார்கள். ஆனால் நேஷனல் லீக்கின் மேல் டிவிஷனிலோ அதற்கு மேலோ இருக்கும் கிளப்பின் அணி உங்கள் மைதானத்துக்கு வந்தால் 1985ஆம் ஆண்டின் விளையாட்டு நிகழ்ச்சி மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் குறுக்கே வருகிறது. ஆட்டம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மது இருக்கக் கூடாது, ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பிலிருந்து முடிந்து ஒரு மணி நேரம் வரை. பார் ஜன்னல் மைதானத்தைப் பார்த்திருந்தால் திரை போட வேண்டி வரும். கவுன்சிலின் லைசென்ஸ் பிரிவிடமும் உள்ளூர்ப் போலீஸிடமும் இரண்டு வாரம் முன்பே பேசிவிடுங்கள். வாடிக்கையாக வரும் பெரியவர்களிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அன்று கேட்டில் வைத்துச் சொன்னால் அவர்களுக்கு மனசு கஷ்டமாகும்.

ஒரு வாரம் இருக்கும்போது

ஆட்களை ஒதுக்குங்கள். பத்துப் பேர் கிடைத்தால் ராஜபோகம், ஆறு பேரை வைத்தும் நடத்தலாம். கேட்டுக்கு இருவர், கார் நிறுத்துமிடத்துக்கு ஒருவர், டீக்கடைக்கு இருவர், ரெஃப்ரிகளையும் எதிரணியையும் கவனிக்க ஒருவர், மைதானத்துக்கு ஒருவர், ஒலிபெருக்கிக்கு ஒருவர். யாருக்கும் இரண்டு வேலை கொடுக்க நேர்ந்தால் ஒரே நேரத்தில் வரும் இரண்டு வேலையைக் கொடுக்காதீர்கள். ரெஃப்ரியைக் கவனிப்பவர் கேட்டிலும் நின்றால் இரண்டும் கெட்டுவிடும், ஏனென்றால் இரண்டுமே ஆறேகால் மணிக்குச் சூடு பிடிக்கும்.

மருத்துவ ஏற்பாட்டைத் தாளில் எழுதுங்கள். முதலுதவிப் பயிற்சி பெற்றவர் யார், ஸ்ட்ரெச்சர் எங்கே, ஆம்புலன்ஸ் எந்தக் கேட் வழியாக உள்ளே வரும், அந்தக் கேட்டின் சாவி யார் பையில் இருக்கிறது. டீஃபிப்ரிலேட்டர் (நின்ற இதயத்துக்கு மின் அதிர்வு கொடுக்கும் கருவி) பெட்டியைத் திறந்து பேட்டரி விளக்கு பச்சையாக இருக்கிறதா, பேடுகளின் தேதி தாண்டிவிட்டதா என்று பாருங்கள். 2012 மார்ச் 17 அன்று டாட்டன்ஹாம் மைதானத்தில் போல்டன் ஆட்டக்காரர் ஃபாப்ரிஸ் முவாம்பா ஆட்டத்தின் நடுவே சுருண்டு விழுந்தார், 78 நிமிடம் அவர் இதயம் தானாகத் துடிக்கவில்லை, பிழைத்துக்கொண்டார். அங்கே டாக்டர்கள் சுற்றி நின்றார்கள். உங்கள் மைதானத்தில் நீங்களும் அந்தப் பெட்டியும்தான். அதைப் பூட்டிய அறைக்குள் வைத்திருக்கும் கிளப்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. ஆட்ட நேரத்தில் அது பூட்டில்லாத இடத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கட்டும்.

விளம்பரம் இங்கே எளிது. நேரம், கட்டணம், கார்டு எடுப்பீர்களா, எந்த பஸ் வரும் என்று போடுங்கள். அஞ்சல் குறியீட்டை மட்டும் நம்பாதீர்கள். எங்களுடையதைப் போட்டால் வழிகாட்டி ஆப் மைதானத்தின் பின்புறச் சந்தில் கொண்டுபோய் நிறுத்தும், அங்கே வாசலே இல்லை. "பள்ளிக்கூடத்தைத் தாண்டி இடதுபுறம் இரண்டாவது திருப்பம்" என்று ஒரு வரி சேர்த்த பிறகுதான் தாமதங்கள் நின்றன.

புரோகிராம், அதாவது அன்றைய ஆட்ட விவரப் புத்தகம், அச்சடிக்கலாமா என்றால், அடியுங்கள். எட்டுப் பக்கம் போதும். மைதானம் மைதானமாக ஊர் சுற்றிப் பார்ப்பதையே வாழ்க்கையாக வைத்திருக்கும் ஒரு கூட்டம் இந்த நாட்டில் இருக்கிறது, கிரவுண்ட்ஹாப்பர் என்பார்கள். நூறு மைல் தாண்டி ரயிலேறி வந்து, புரோகிராம் தீர்ந்துவிட்டது என்று கேட்டு அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்க முடியாது. ஐந்து பிரதி தனியாக எடுத்து வைப்பது என் வழக்கம்.

மைதானம்: முந்தின நாளும் அன்றும்

இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்கு அலுக்காது. எங்கள் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் கற்றதைத்தான் சொல்கிறேன்.

நவம்பர் கடைசியில் லண்டனில் நாலு மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். ஆட்டம் ராத்திரி ஏழரைக்குத்தானே என்று கோடு போடுவதைத் தள்ளிப் போட்டால் இருட்டில் போடுவீர்கள், வளைந்து போகும். மத்தியானம் ஒரு மணிக்குள் முடித்துவிடுங்கள், பெயிண்ட் காயவும் நேரம் வேண்டும். புல் ஈரமாக இருந்தால் முதலில் ஒரு கயிற்றை இரண்டு ஆளாகப் பிடித்துப் புல்லின் மேல் இழுத்துக்கொண்டே போனால் பனித்துளி உதிர்ந்துவிடும், பெயிண்ட் பிடிக்கும். வண்டியைத் தள்ளும்போது சக்கரத்தைப் பார்க்காதீர்கள், எதிரே இருக்கும் கொடியைப் பார்த்து நடங்கள், கோடு தானாக நேராக வரும். கோட்டின் அகலம் 12 செ.மீ.யைத் தாண்டக் கூடாது, கோல் கம்பத்தின் கனமும் கோல் கோட்டின் அகலமும் ஒன்றாக இருக்க வேண்டும். பெனால்டி புள்ளியை நாடா வைத்து அளந்தே போடுங்கள், கோல் கோட்டிலிருந்து 11 மீட்டர். பழைய புள்ளியின் தடத்தின் மேலேயே போட்டுப் போட்டு எங்களுடையது ஒரு சாண் நகர்ந்திருந்ததை ஒரு ரெஃப்ரிதான் கண்டுபிடித்தார்.

வலை கட்டும்போது கீழே இடைவெளி இருக்கக் கூடாது. முளைகளை ஒவ்வொன்றாக மிதித்துப் பாருங்கள். கம்பத்தில் பழைய உலோகக் கொக்கி ஏதாவது மிச்சம் இருந்தால் கழற்றிவிடுங்கள், விரல் கிழிந்த விபத்துகளால் தடை செய்யப்பட்டவை அவை. குறுக்குக் கம்பம் நடுவில் தொய்ந்திருக்கிறதா என்று அளந்து பாருங்கள், தரையிலிருந்து 2.44 மீட்டர். மூலைக் கொடிக்கம்பு ஒன்றரை மீட்டருக்குக் குறையக் கூடாது. பந்து குறைந்தது மூன்று வேண்டும், அழுத்தமானி வைத்துக் காற்றுப் பார்த்து வையுங்கள். குளிரில் காற்று இறங்கும், அதனால் கதகதப்பான அறையில் மத்தியானம் அடித்த காற்றை நம்பாமல் ஆறு மணிக்கு இன்னொருமுறை பாருங்கள்.

கோல் வாய் சேறாக இருந்தால் மணல் போட்டுக் கிளறிவிடலாம், அளவாக. தண்ணீர் தேங்கியிருந்தால் தோட்டத்து முள்கரண்டியால் குத்தி இறக்குங்கள், உருளை போடாதீர்கள், அது மண்ணை இறுக்கி நிலைமையை இன்னும் கெடுக்கும்.

உறைபனி வேறு கதை. பகல் இரண்டு மணிக்குப் பூட்ஸ் முள் இதமாக இறங்கும் தரை, வானம் வெறிச்சென்று இருந்தால் ராத்திரி ஏழு மணிக்குக் கல்லாகிவிடும். நிழல் விழும் பக்கம்தான் முதலில் உறையும், எங்களுக்கு அது ஸ்டாண்டுக்கு முன்னால் உள்ள பத்து கஜம். சந்தேகம் இருந்தால் காலையிலேயே கவுண்டி அலுவலகத்தைக் கூப்பிட்டு, பக்கத்தில் இருக்கும் ரெஃப்ரி ஒருவரை வைத்துப் பரிசோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். எதிரணி கிளம்புவதற்கு முன் முடிவு தெரிய வேண்டும். வேலையிலிருந்து அரை நாள் லீவு போட்டு, லண்டனைச் சுற்றும் எம்25 சாலை நெரிசலில் இரண்டு மணி நேரம் ஊர்ந்து வந்தவர்களைக் கேட்டிலேயே திருப்பி அனுப்புவதைவிட நான்-லீக்கில் பெரிய மரியாதைக் குறைவு எனக்குத் தெரியவில்லை.

விளக்கு

முந்தின நாள் ராத்திரி அரை மணி நேரம் எல்லா விளக்கையும் போட்டுப் பாருங்கள். பழைய மெட்டல் ஹாலைடு விளக்குகள் ஒருமுறை அணைந்தால் உடனே எரியாது, ஆறிய பிறகுதான் மறுபடி பிடிக்கும், பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். எங்களுக்கு அது ஒரு இடைவேளையில் நடந்தது. டீ அண்டா, பொரிக்கும் சட்டி, இரண்டு உடை மாற்றும் அறைகளின் ஹீட்டர் எல்லாம் ஒரே நேரத்தில் ஓட, பிரேக்கர் விழுந்து மைதானமே இருண்டது. இருட்டில் எண்பது பேர் மொபைல் வெளிச்சத்தில் நின்றார்கள். ரெஃப்ரி பொறுமைசாலி, காத்திருந்தார், இல்லாவிட்டால் ஆட்டம் அங்கேயே கைவிடப்பட்டிருக்கும். அன்றிலிருந்து ஹீட்டரை அணைக்க ஒருவரை வைத்திருக்கிறோம், எலெக்ட்ரீஷியன் ஒருவர் இருபது நிமிடத் தூரத்துக்குள் போனை எடுத்துவைத்துக்கொண்டு இருப்பார். எல்இடிக்கு மாறினால் இந்தக் கவலை இல்லை, அதற்கு, கால்பந்து வசதிகளுக்குப் பணம் தரும் ஃபுட்பால் ஃபவுண்டேஷன் அமைப்பின் உதவித்தொகை உண்டு, விண்ணப்பித்துப் பாருங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் மாறுவதால் டைமர் வைத்திருப்பவர்கள் அதையும் பார்த்துவிடவும்.

ரெஃப்ரிகள் வந்ததும்

நியமனம் கவுண்டியுடையது, உபசரிப்பு உங்களுடையது. மூன்று நாள் முன்பே ரெஃப்ரிக்கும் இரண்டு உதவி ரெஃப்ரிகளுக்கும் நேரம், நிறங்கள், வழி, கார் நிறுத்துமிடம் எல்லாம் எழுதி அனுப்பி உறுதி வாங்கியிருக்க வேண்டும். அவர்கள் அறை சூடாக, சுத்தமாக, பூட்டும் சாவியோடு இருக்கட்டும். ஷவரில் வெந்நீர் வருகிறதா என்று கையை நீட்டிப் பாருங்கள், இரண்டு அணியும் குளித்து முடித்த பிறகும் அவர்களுக்கு மிச்சம் இருக்குமா என்றும் யோசியுங்கள். கட்டணத்தை ஆட்டம் தொடங்கும் முன் உறையில் போட்டுக் கொடுங்கள், அல்லது வங்கியில் போடுவதாக இருந்தால் கணக்கு விவரத்தை அப்போதே வாங்கிவிடுங்கள். தோற்ற பிறகு பணம் கொடுக்கப் போகும் கமிட்டிக்காரரின் முகம் நல்லா இருக்காது.

எதிரணிக்கும் இதே கணக்குத்தான். அவர்கள் அறைக் கதவில் அவர்கள் கிளப் பெயரை ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். தண்ணீர் பாட்டில்கள் வையுங்கள். முதல்முறை வருகிறவருக்குக் கழிப்பறை எங்கே, பயிற்சிக்கு எந்தப் பாதி, பிசியோ மேசை எங்கே என்று ஒரு ஆள் கூட நடந்து காட்ட வேண்டும். ஐந்து நிமிட வேலை. எங்களை அப்படி அழைத்துப்போய்க் காட்டிய கிளப்களின் பெயர்கள் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கின்றன.

கேட்டும் டீக்கடையும்

கேட்டில் சில்லறை முக்கியம். கார்டு கருவிக்குச் சிக்னல் கிடைக்கும் இடத்தை முன்பே கண்டுபிடியுங்கள். கோப்பை ஆட்டத்தில் சீசன் டிக்கெட் பொதுவாகச் செல்லாது, ஏனென்றால் வசூல் கணக்கு கவுண்டிக்கும் எதிரணிக்கும் காட்டப்பட வேண்டியது, இதையும் விதியில் பார்த்து முன்பே சொல்லிவிடுங்கள். பெரியவர், முதியோர், சிறுவர் என்று வகைவாரியாக எண்ணுங்கள். ராஃபிள் சீட்டு நிகழ்ச்சியிலேயே விற்று அங்கேயே குலுக்கலாம், அதற்கு லைசென்ஸ் வேண்டாம், பரிசுக்காக வசூலிலிருந்து 500 பவுண்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது சட்டம். நாங்கள் ஒரு விஸ்கி பாட்டிலையும் சாக்லேட் டப்பாவையும் தாண்டியதில்லை.

டீக்கடைதான் குளிர் ராத்திரியின் இதயம். இருபது லிட்டர் அண்டா கொதிக்க நெடுநேரம் ஆகும், ஐந்து மணிக்கே போட்டுவிடுங்கள். டீ, போவ்ரில் (மாட்டிறைச்சிச் சாறு கலந்த சூடான பானம்), சிப்ஸ், பர்கர், இவ்வளவும் ஓடும். இடைவேளை பதினைந்து நிமிடம்தான், வரிசை நீண்டால் பாதிப் பேர் வாங்காமல் போவார்கள், அதனால் நாற்பதாவது நிமிடத்தில் பர்கர்கள் தயாராக அடுக்கியிருக்க வேண்டும். ஒவ்வாமை தரும் 14 பொருட்களின் பட்டியல் சுவரில் இருக்கட்டும். எங்கள் கடையில் ஒரு இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒரு ராத்திரி மட்டன் ரோல்ஸ் கொண்டுவந்து வைத்தது. முதல் பாதி முடியும் முன்பே தீர்ந்துபோய், எதிரணியின் தலைவர் "அடுத்த வருஷமும் இங்கேயே டிரா விழணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பெட்டியில் கோதுமை, முட்டை என்று எழுதி ஒட்டியிருந்தார்கள், அப்படித்தான் செய்ய வேண்டும்.

பெரிய கிளப்களிலிருந்து ஆள் தேடும் ஸ்கவுட்கள் வந்தால் அணிப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து ஸ்டாண்டில் நல்ல இடத்தில் உட்கார வையுங்கள். எங்கள் பக்கத்து ஹேஸ் கிளப்பிலிருந்துதான் 1977இல், பின்னாளில் இங்கிலாந்துக்கே ஆடிய சிரில் ரெஜிஸ் வெஸ்ட் ப்ரோம் கிளப்புக்குப் போனார். பத்து வருடம் கழித்து லெஸ் ஃபெர்டினாண்டும் சவுத்தாலில் தொடங்கி, ஹேஸ் வழியாகக் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுக்குப் போனார். உங்கள் பத்தொன்பது வயசுப் பையனை யாரோ ஒருவர் முதல்முறை பார்க்கும் ராத்திரி இதுவாக இருக்கலாம்.

ஆட்டம் ஓடும்போது

உங்கள் வேலை ஆட்டம் பார்ப்பது அல்ல, மன்னிக்கவும். தடுப்புக் கம்பியை ஒட்டி நடந்துகொண்டே இருங்கள். ரசிகர்கள் இடைவேளையில் தங்கள் அணி தாக்கும் கோலுக்குப் பின்னால் இடம் மாறுவார்கள், அது நான்-லீக்கின் அழகு, இரண்டு கூட்டமும் டீக்கடை முன்னால் ஒன்றையொன்று கடக்கும். அங்கே உங்கள் ஆள் ஒருவர் சிரித்த முகத்தோடு நின்றால் போதும். ஆட்டக்காரர் யாருக்காவது தலையில் அடிபட்டால், சந்தேகம் இருந்தாலே வெளியே உட்கார வைக்க வேண்டும், பயிற்சியாளர் எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

சமன் என்றால் எண்பத்தைந்தாவது நிமிடத்திலேயே பெனால்டிக்குத் தயாராகுங்கள். எந்தக் கோல் என்பதை ரெஃப்ரி காசு சுண்டி முடிவு செய்வார், ஆனால் தரையோ பாதுகாப்போ காரணமாக அவரே ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்கவும் முடியும். ஒரு கோல் பக்கம் தரை குழியாக இருந்தால் அதை முன்பே அவர் காதில் போட்டு வையுங்கள். இன்னொரு காசு சுண்டல், யார் முதலில் அடிப்பது என்பதற்கு. ஆட்டம் முடிந்தபோது களத்தில் ஆடும் உரிமையோடு இருந்தவர்கள் மட்டுமே அடிக்கலாம். ஒரு அணிக்கு ஆள் குறைவாக இருந்தால் மற்ற அணி தன் எண்ணிக்கையைக் குறைத்துச் சமப்படுத்த வேண்டும், இதை ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டால் கூட்டத்தில் சந்தேகக் கூச்சல் வராது. கூட்டம் முழுவதும் அந்தக் கோலுக்குப் பின்னால் ஓடும், சிறுவர்கள் கம்பியைத் தாண்டுவார்கள். மூன்று பேரை அங்கே அனுப்பிவிடுங்கள்.

முடிந்த பிறகு

கை குலுக்கல் முடிந்ததும் இரண்டு அணிக்கும் சாப்பாடு. சூடான பாஸ்தாவோ சிப்ஸும் சாசேஜுமோ போதும், ஆனால் எதிரணிக்கு முதலில். அவர்களின் கமிட்டிக்காரர்களைத் தனியாக உட்கார வைத்து டீயும் சான்ட்விச்சும் கொடுங்கள், தோற்றிருந்தாலும் ஜெயித்திருந்தாலும்.

முடிவைக் கவுண்டி சொன்ன வழியில், சொன்ன நேரத்துக்குள் அனுப்புங்கள், மறந்தால் அபராதம் வரும். கேட் கணக்கை அன்றே எழுதி இரண்டு செயலாளர்களும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும், நாளைக்குத் தள்ளினால் ஞாபகமும் மாறும், எண்ணும் மாறும். ரெஃப்ரிக்கு நூறுக்கு மதிப்பெண் போடச் சொல்வார்கள். 60 அல்லது அதற்குக் கீழே போட்டால் காரணம் எழுத வேண்டும். தோற்ற கோபம் தணிய ஒரு ராத்திரி தூங்கி எழுந்து காலையில் போடுங்கள்.

அப்புறம் வலையை அவிழ்த்து, கொடிகளைப் பிடுங்கி, உடை மாற்றும் அறைகளில் மறந்துபோன காலுறைகளையும் ஒற்றை ஷின் பேடையும் ஒரு பையில் போட்டு எதிரணிச் செயலாளருக்குச் செய்தி அனுப்பிவிடுங்கள். கோல் வாயில் பெயர்ந்த புல்கட்டிகளைக் காலால் திருப்பி மிதித்து விடுங்கள், காலைக்குள் காய்ந்துவிட்டால் ஒட்டாது. எங்கள் பெரியவர் இதை முடிக்கும்வரை விளக்கை அணைக்க விடமாட்டார். பத்தரை மணிக்கு, எல்லாரும் போன பிறகு, அவரும் நானும் ஆளுக்கொரு கோல் பக்கமாக மிதித்துக்கொண்டு நடுவட்டத்தை நோக்கி வருவோம்.